விசா மறுக்கப்பட்டால் மேல்முறையீடு செய்வதா, புதிதாக விண்ணப்பிப்பதா?

ஷெங்கன் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் குழு) சுற்றுலா விசா நிராகரிக்கப்பட்டுவிட்டது. "அப்பீலெல்லாம் வேலைக்கு ஆகாது, புதுசா போட்டுடலாம்" என்று ஏஜெண்ட் சொல்கிறார். என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் சொல்வது உங்கள் விஷயத்தில் சரியா என்பதை மறுப்புக் கடிதத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

கடிதத்தில் காரணங்கள் எண் போட்டு அச்சிடப்பட்டிருக்கும். உங்களுக்குப் பொருந்துவதில் மட்டும் டிக் இருக்கும். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நீங்கள் கொடுத்த ஃபைலின் நகலை ஒவ்வொரு தாளாகப் புரட்டுங்கள். அதிகாரி இல்லை என்று சொல்லும் ஆதாரம் அந்த ஃபைலில் உண்மையிலேயே இருந்ததா? இருந்தது என்றால் தவறு அவர்கள் பக்கம், முறையீடு செய்யுங்கள். இல்லை, அல்லது இருந்தும் அரைகுறையாக இருந்தது என்றால், குறையைச் சரிசெய்து புதிதாக விண்ணப்பிப்பதே வேகமான வழி. ஷெங்கனில் மறுவிண்ணப்பத்துக்குக் காத்திருப்புக் காலம் கிடையாது. கட்டிய 90 யூரோ மட்டும் திரும்ப வராது.

பெரும்பாலும் டிக் விழுவது மூன்று இடங்களில்: பயண நோக்கம் நிரூபிக்கப்படவில்லை, செலவுக்குப் பணம் காட்டப்படவில்லை, விசா முடிவதற்குள் திரும்பிப் போவார் என்பதில் சந்தேகம். முதல் இரண்டையும் தாள் காட்டி மறுக்கலாம். மூன்றாவதுதான் கடினம், ஏனென்றால் அது அதிகாரியின் கணிப்பு. ஆனால் அந்தக் கணிப்பும் உங்கள் தாள்களிலிருந்துதான் பிறக்கிறது.

பேங்க் ஸ்டேட்மெண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதமாகச் சம்பளம் வந்த வேகத்தில் கரைந்து, மாதக் கடைசியில் கணக்கு கிட்டத்தட்ட காலி. விண்ணப்பிக்கப் பத்து நாள் இருக்கும்போது, சம்பளத்தைப் போல் எட்டு மடங்கு தொகை ஒரே வரியில் வரவு. இதைப் பார்க்கும் அதிகாரிக்கு, கணக்கில் காட்டுவதற்காகக் கைமாற்று வாங்கிப் போட்ட பணம் என்றுதான் தோன்றும். அது வைப்புநிதி முதிர்ந்து வந்த பணம் என்றால், அதே தொகையும் அதே தேதியும் உள்ள வங்கி ரசீதை இணைத்து, ஸ்டேட்மெண்டில் அந்த வரியைப் பேனாவால் குறியுங்கள். அப்பா கொடுத்தது என்றால் அவர் கணக்கிலிருந்து பணம் போன பக்கமும், அவர் கையெழுத்திட்ட ஒரு கடிதமும் வேண்டும். உண்மையிலேயே கடன் என்றால் எந்த முறையீடும் காப்பாற்றாது. சில மாதங்கள் கணக்கு இயல்பாக ஓடட்டும், பிறகு விண்ணப்பியுங்கள்.

லீவ் லெட்டரிலும் இப்படித்தான். விடுப்பு 20ஆம் தேதி வரை, திரும்பும் விமானம் 22ஆம் தேதி என்று இருந்தால், வேலைக்குத் திரும்புவார் என்று நம்ப ஆதாரமே இல்லாமல் போகிறது. ஏஜெண்ட் போட்டுத்தரும் தற்காலிக டிக்கெட், ஹோட்டல் முன்பதிவுகளும் ஆபத்துதான். அதிகாரி சரிபார்க்கும் நாளில் அவை ரத்தாகியிருந்தால் பயண நோக்கமே சந்தேகத்துக்கு உள்ளாகும்.

முறையீடு என்று முடிவானால் கெடுவைப் பாருங்கள். ஷெங்கன் விதி பொதுவானது என்றாலும் முறையீடு மறுத்த நாட்டின் சட்டப்படிதான் நடக்கும். பிரான்சுக்கு 30 நாள், மனு பிரெஞ்சில் இருக்க வேண்டும். சுவிட்சர்லாந்துக்கும் 30 நாள், முன்பணமாக 200 ஃபிராங்க். நெதர்லாந்துக்கு 4 வாரம். ஜெர்மனி தூதரகத்துக்கே எழுதி மறுபரிசீலனை கேட்கும் முறை 2025 ஜூலை 1 முதல் இல்லை. இணையத்தில் கிடைக்கும் பழைய மாதிரிக் கடிதங்களை நம்பி நாளை வீணாக்காதீர்கள். இப்போது ஒரு மாதத்துக்குள் பெர்லின் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குப் போட வேண்டும், அல்லது புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் கெடுவும் முகவரியும் மறுப்புக் கடிதத்திலேயே இருக்கும். கடிதம் உங்களுக்குக் கிடைத்த தேதியைக் காட்டும் உறையையும் ரசீதையும் தூக்கிப் போடாதீர்கள்.

மனு இரண்டு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். மறுப்பு வாசகத்தை அப்படியே எழுதி, அதன் கீழ் உங்கள் பதிலை எழுதி, அதன் கீழ் "இணைப்பு 3, பக்கம் 2, மஞ்சள் குறியிட்ட வரி" என்று ஆதாரத்தைக் காட்டுங்கள். டிக் விழாத காரணங்களைப் பற்றிப் பேசவே வேண்டாம். எவ்வளவு ஆசையாக இருந்தோம், டிக்கெட் பணம் போயிற்று என்பதெல்லாம் வேதனைதான், ஆனால் மனுவைப் படிப்பவர் அதை வைத்து முடிவை மாற்ற முடியாது. பயணத் தேதி கடந்துவிடும் என்றால் புதிய தேதிகளையும் குறிப்பிடுங்கள்.

புதிதாக விண்ணப்பித்தால் பழைய மறுப்பை மறைக்காதீர்கள். அது ஷெங்கன் நாடுகளின் பொது விசாத் தகவல் அமைப்பில் 5 ஆண்டு இருக்கும். ஒரு நாடு மறுத்த பிறகு அடுத்த நாட்டில் அதே ஃபைலைக் கொடுப்பதில் பயனில்லை என்பதும் அதனால்தான்.

வேறு நாடுகள் என்றால் கணக்கே வேறு. அமெரிக்கச் சுற்றுலா விசா 214(பி) பிரிவில் (திரும்பிப் போவார் என்று நம்பிக்கை வரவில்லை என்ற காரணத்தில்) மறுக்கப்பட்டால் மேல்முறையீடு கிடையாது. சூழ்நிலை மாறிய பிறகு மறுபடி விண்ணப்பிக்கலாம். 221(ஜி) என்று எழுதித் தாள் கேட்டிருந்தால், ஓராண்டுக்குள் அதைக் கொடுத்தால் அதே விண்ணப்பம் தொடரும். பிரிட்டனில் விசிட்டர் விசாவுக்கு வழக்கமான மேல்முறையீட்டு உரிமை இல்லை. மனித உரிமை அடிப்படையிலான குடும்ப விசா மறுப்புகளுக்கு, நாட்டுக்கு வெளியிலிருந்து 28 நாளுக்குள் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். கனடாவில் விசிட்டர், மாணவர் விசா மறுப்புகளை 60 நாளுக்குள் ஃபெடரல் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம். ஆனால் நீதிமன்றம் பார்ப்பது அதிகாரியின் முன் இருந்த ஃபைலை. பொதுவாகப் புதுத் தாள் அங்கே எடுபடாது.

கடிதத்தில் போலி ஆவணம், பொய்த் தகவல் என்ற சொல் இருந்தால் மட்டும் மேலே சொன்ன எதையும் நீங்களே முயலாதீர்கள். பிரிட்டனில் 10 ஆண்டு வரை, கனடாவில் 5 ஆண்டு, ஆஸ்திரேலியாவில் 3 ஆண்டு தடை விழக்கூடிய குற்றச்சாட்டு அது. பதில் சொல்லாமல் புதிய விண்ணப்பம் போட்டால் அந்தக் குற்றச்சாட்டு அப்படியே நிற்கும். அந்த நாட்டுக் குடிவரவு வழக்கறிஞரிடம் போங்கள். போகும் முன், ஏஜெண்ட் உங்கள் பெயரில் சமர்ப்பித்த எல்லாத் தாள்களின் நகலையும் கேட்டு வாங்குங்கள். நீங்கள் பார்த்தே இராத ஒரு பேங்க் ஸ்டேட்மெண்ட் அதில் இருந்தால், வழக்கறிஞரிடம் முதலில் காட்ட வேண்டியது அதைத்தான்.