பல் எடுத்த குழியைச் சும்மா விடுங்கள்

கேள்வி: என் மாமியாருக்கு 61 வயது. சர்க்கரை உண்டு. இதய அடைப்புக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறார். பீடி சுற்றுகிறவர். வெற்றிலையும் புகையிலையும் போடுவது பல வருடப் பழக்கம். திங்கட்கிழமை கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்றை எடுத்தார்கள். இரத்தம் நிற்கவில்லை என்று துப்பிக்கொண்டே இருந்தார். அன்று இரவே உப்பு போட்ட வெந்நீரில் கொப்பளிக்க வைத்தேன். பயந்துபோய் ஆஸ்பிரினையும் நானே நிறுத்திவிட்டேன். குறைந்திருந்த வலி, மூன்றாம் நாளான இன்று காது வரைக்கும் இழுக்கிறது என்கிறார். வாயும் நாறுகிறது. பக்கத்து வீட்டு அக்கா கிராம்பை இடித்துக் குழியில் அடைக்கச் சொல்கிறார். மருத்துவர் சரியாக எடுக்கவில்லையா?
- ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: சகோதரி, உங்கள் கேள்வி வந்த அன்றே தொலைபேசியில் இரண்டு விஷயங்களைச் சொன்னேன். ஆஸ்பிரின் எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் உடனே பேசுங்கள்; அத்தையைப் பல் எடுத்த இடத்துக்கே மறுபடி அழைத்துப் போங்கள். இரண்டையும் செய்தீர்கள். அத்தை நேற்று இரவு நிம்மதியாகத் தூங்கினார் என்று நீங்கள் சொன்னதும் எனக்கும் மூச்சு வந்தது. ஆனாலும் இங்கே விரிவாக எழுதுகிறேன். வேலூர்ப் பக்கம் இத்தனை வருடங்களாகப் பல் பார்க்கிறேன். இதே தவறுகளோடு வராத வாரம் இல்லை.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் மருத்துவர் மேல் குறை சொல்ல எதுவும் இல்லை. பல்லை எடுத்ததும் குழியில் இரத்தம் நிறைந்து உறைகிறது. பார்க்கக் கருஞ்சிவப்பாக, ஈரல் துண்டு போல இருக்கும். அந்த இரத்தக்கட்டுதான் அடியில் இருக்கும் எலும்புக்கும் நரம்புக்கும் மூடி. அதன் மேல்தான் புதுச் சதை வளரவேண்டும். அது பெயர்ந்துவிட்டால் எலும்பு வெறுமையாகிவிடும். எச்சிலும் சோற்றுப் பருக்கையும் நேராக எலும்பில் படும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் வலி திரும்பி வந்து காதுக்கும் கன்னப்பொட்டுக்கும் இழுப்பதும், வாய் நாறுவதும் இதனால்தான். இதை உலர்குழி என்போம். கீழ்க் கடைவாய்ப்பல் எடுத்தவர்களுக்கும், பீடி, சிகரெட், புகையிலைப் பழக்கம் உள்ளவர்களுக்கும் அதிகமாக வரும்.

இரத்தக்கட்டைப் பெயர்ப்பதில் துப்புவதற்குப் பெரும் பங்கு உண்டு. வெற்றிலை போடுகிறவர்களுக்கு வாயில் எது ஊறினாலும் துப்பித்தான் பழக்கம். ஒரு சொட்டு இரத்தம் ஒரு வாய் எச்சிலையே சிவப்பாக்கிவிடும். அதைப் பார்த்துப் பயந்து மறுபடி துப்புவார்கள். ஒவ்வொரு முறையும் வாய்க்குள் ஏற்படும் இழுப்பில் கட்டு அசையும், இரத்தம் மறுபடி கசியும். முதல் நாள் எச்சில் இளஞ்சிவப்பாக இருந்தால் அப்படியே விழுங்கிவிடலாம், ஒன்றும் ஆகாது. இரத்தமாகவே வாய் நிறைந்தால் சுத்தமான பஞ்சுத் துணியை மடித்துக் குழியின் மேல் வைத்து, அரை மணி நேரம் அழுத்திக் கடிக்கச் சொல்லுங்கள். கடிகாரத்தைப் பார்த்து அரை மணி. நடுநடுவே எடுத்துப் பார்க்கக் கூடாது. அதற்கும் நிற்காவிட்டால் மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

இளநீர் நல்லதுதான், டம்ளரில் ஊற்றிக் கொடுங்கள். குழல் போட்டு உறிஞ்சினால் துப்புவதைப் போன்ற அதே இழுப்புதான்.

உப்புத் தண்ணீரில் நீங்கள் செய்த பிழை நேரம்தான். முதல் 24 மணி நேரம் கொப்பளிக்கவே வேண்டாம், சூடும் வேண்டாம். அன்று கன்னத்தின் வெளியே, துணியில் சுற்றிய ஐஸ் கட்டியைக் கால் மணி நேரம் வைத்து எடுக்கலாம். மறுநாளிலிருந்து ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்பு. வாயில் வைத்துத் தலையை மெல்லச் சாய்த்து, தானாக வழியவிடச் சொல்லுங்கள். தொண்டையில் கரகரவென்று சத்தம் எழக் கொப்பளிப்பது ஆகாது. சாப்பிட்ட ஒவ்வொரு முறையும் இப்படிச் செய்யவேண்டும்.

கிராம்பு விஷயத்தில் அந்த அக்கா முழுக்கத் தவறு சொல்லவில்லை. உலர்குழியைக் கழுவிவிட்டு நாங்கள் வைக்கும் மருந்துகள் பலவற்றில் கிராம்பு எண்ணெயின் சத்துதான் இருக்கிறது. ஆனால் அது அளவோடு சேர்த்தது. வீட்டில் இடித்த கிராம்பு சதையைப் புண்ணாக்கும். அதன் துகள் குழியில் தங்கிச் சீழ் பிடிக்கும். மஞ்சள் தூளுக்கும் மூக்குப்பொடிக்கும் இதே பதில்தான்.

ஆஸ்பிரினைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். இதயத்துக்காகச் சாப்பிடும் மாத்திரையை வீட்டில் யாரும் தாமாக நிறுத்தக் கூடாது. சாதாரணமாக ஒரு பல் எடுப்பதற்குப் பெரும்பாலும் அதை நிறுத்தவேண்டிய அவசியமே இல்லை. ஈறு கசிவதை அழுத்தி நிறுத்திவிடலாம், மாரடைப்பு வந்தால் என்ன செய்வீர்கள்? பல் மருத்துவரிடம் போகும்போதே எல்லா மாத்திரை அட்டைகளையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

சாப்பாட்டுக்கு நம் ஊர்க் கேழ்வரகுக் கூழே போதும், ஆறவைத்துக் கொடுங்கள். நொய் போட்டுக் காய்ச்சுவதென்றால் வடிகட்டிவிடுங்கள், நொய் குழிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். தயிர் சாதம் குழைவாக, இட்லி, மசித்த பருப்பு என்று போகலாம், எல்லாம் மறு பக்கத்தில் மென்றுதான். ஆம்பூர்க் கல்யாணப் பிரியாணி ஒரு வாரம் காத்திருக்கட்டும். சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு பட்டினி கிடக்கக் கூடாது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் புண் ஆறவும் தாமதமாகும்.

வீக்கம் இரண்டு மூன்று நாள் ஏறிவிட்டுத்தான் இறங்கும். அதற்குப் பிறகும் ஏறினாலோ, காய்ச்சல் வந்தாலோ, வாய் திறக்க முடியாமல் போனாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். தாடைக்கு அடியில் வீங்கி, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்பட்டால் இரவு எந்நேரமானாலும் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள்.

அத்தை இப்போது எட்டு நாளாகப் புகையிலை இல்லாமல் இருக்கிறார் என்றீர்கள். சுருக்குப்பையை அவர் கைக்கு எட்டாத இடத்திலேயே வைத்திருங்கள். அடுத்த முறை குழியைக் காட்டப் போகும்போது கன்னத்தின் உட்புறத்தையும் நாக்கின் ஓரத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளைப் படலமோ, இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண்ணோ அங்கே இருந்தால், வலி இல்லை என்று விட்டுவிடக் கூடாது.