குறைவாக நெட் பயன்படுத்துகிறவர்களுக்கு எந்த ப்ரீபெய்ட் பேக்? – கேள்வி பதில்

மொபைல் நெட்வொர்க் துறையில் வேலை பார்க்கிறேன். வீட்டிலும் ஆபீஸிலும் வைஃபை, வெளியே போனால் கொஞ்சம் வாட்ஸ்அப், மேப், பணம் அனுப்புவது. இவ்வளவுதான் என்கிறவர்கள் கேளுங்கள். எந்தக் கம்பெனி நல்லது என்று மட்டும் கேட்க வேண்டாம். உங்கள் வீட்டுக்குள் எந்த சிக்னல் நிற்கிறது என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

அண்ணா, எனக்கு மாதம் எத்தனை ஜிபி போதும்?

அதை உங்கள் போனே சொல்லும். செட்டிங்ஸில் மொபைல் டேட்டா பகுதிக்குப் போனால் எந்த ஆப் எவ்வளவு தின்றது என்று வரிசையாகக் காட்டும். ஆண்ட்ராய்டில் மாதக் கணக்காக இருக்கும். ஐபோனில் அந்தக் கணக்கு தானாகப் பூஜ்யத்துக்குத் திரும்பாது. இன்று ரீசெட் செய்துவிட்டு ஒரு மாதம் கழித்துப் பாருங்கள்.

ஒரு அளவுக்குச் சொல்கிறேன். 96 கேபிபிஎஸ் (நொடிக்கு 96 கிலோபிட்) தரத்தில் ஒரு மணி நேரம் பாட்டு கேட்டால் சுமார் 43 எம்பி. வீடியோவுக்கு நெட்ஃபிளிக்ஸ் சொல்லும் கணக்கு, குறைந்த தரத்தில் மணிக்கு 0.3 ஜிபி, ஹெச்டியில் 3 ஜிபி வரை. எழுத்துச் செய்தி, பணம் அனுப்புவதெல்லாம் பெரிய செலவே இல்லை. ஆக, வெளியில் வீடியோ பார்ப்பீர்களா மாட்டீர்களா என்பதுதான் கேள்வி. பார்க்க மாட்டேன் என்றால் பெரும்பாலும் மாதம் 2 ஜிபிக்குள் அடங்கிவிடும்.

நான் வீடியோவே பார்ப்பதில்லை. ஆனால் போன மாதம் 4 ஜிபி காலி. ஸ்க்ரீன்ஷாட் வைத்திருக்கிறேன்.

பார்த்தேன். முதல் வரியைக் கவனியுங்கள்: போட்டோ பேக்கப் ஆப், 2.9 ஜிபி. அதைத் தொட்டுத் திறந்தால் ஏறக்குறைய முழுவதும் 'பேக்ரவுண்ட்' என்று இருக்கிறது, அதாவது நீங்கள் ஆப்பைத் திறக்காதபோதே ஓடியது. எடுத்த போட்டோவெல்லாம் மொபைல் டேட்டாவில் மேலே ஏறியிருக்கிறது. அந்த ஆப்பில் 'வைஃபையில் மட்டும்' என்று மாற்றுங்கள். வாட்ஸ்அப்பில் மீடியா ஆட்டோ டவுன்லோடையும் அணைத்துவிடுங்கள். அப்புறம் சின்ன பேக்கே போதும். பெரிய பேக் வாங்குவதற்கு முன்னால் ஓட்டையை அடைத்துவிடுங்கள்.

1 ஜிபி போதுமா சார்?

முதல் பதிலைப் பாருங்கள்.

28 நாள் பேக் விலை குறைவாகத் தெரிகிறது. போடலாமா?

விலையைச் செல்லுபடி நாளால் வகுத்துப் பாருங்கள். 28 நாள் பேக் மாத பேக் இல்லை. வருடத்துக்கு 13 முறை போட வேண்டும். குறைவாகப் பயன்படுத்துகிறவர்கள் காசு விடுவது ஜிபியில் இல்லை, நாளில்தான். டேட்டா பாதி மிச்சம் இருக்கும்போதே நாள் முடிந்துவிடும். நீண்ட செல்லுபடியும் கொஞ்சம் டேட்டாவும் உள்ள பேக் இருந்தால் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

தினம் 1 ஜிபி தருகிற பேக்கில் மொத்தம் 28 ஜிபி வருகிறதே. அதுதானே லாபம்?

இல்லை. பெரும்பாலான பேக்கில் இன்று மிஞ்சியது நாளைக்கு வராது. உங்களைப் போன்றவர்களின் தேவை சீராக இருக்காது. பத்து நாள் ஒன்றுமே வேண்டாம், ஒரு பயண நாளில் ஒரேயடியாக 2 ஜிபி வேண்டும். அதற்கு மொத்தமாகத் தருகிற பேக்தான் சரி.

ஒத்துக்கொள்ள மாட்டேன் அண்ணா. அம்மாவுக்கு மொத்த பேக் போட்டேன். குட்டி வீடியோக்கள் தானாக ஓடி இரண்டே நாளில் தீர்ந்தது. தினசரி அளவு இருந்தால் மறுநாளாவது நெட் வரும்.

உங்கள் அம்மா விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம். போனைத் தாமாகக் கட்டுப்படுத்தத் தெரியாதவர்களுக்குத் தினசரி அளவு ஒரு வேலி. ஆனால் அதற்கு மாதாமாதம் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஆண்ட்ராய்டில் டேட்டா லிமிட் வைக்கலாம். 2016இல் வந்த ஆண்ட்ராய்டு 7 முதலே டேட்டா சேவர் இருக்கிறது, பின்னால் ஓடும் ஆப்கள் டேட்டா தின்பதைத் தடுக்கும். ஐபோனில் 2019 முதல் அதே மாதிரி லோ டேட்டா மோட் இருக்கிறது.

லிமிட் எட்டினால் அம்மாவுக்கு வாட்ஸ்அப்பும் நின்றுவிடுமே?

நிற்கும். அதனால் லிமிட்டை விட டேட்டா சேவர் நல்லது. வாட்ஸ்அப்புக்கு மட்டும் விலக்கு கொடுங்கள், வீடியோ ஆப்பில் ஆட்டோபிளேயை அணையுங்கள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஒருமுறை செய்து கொடுங்கள். அப்படியும் சரிவரவில்லை என்றால் தினசரி பேக்கே போடுங்கள், தப்பில்லை. தனக்குத்தானே பேக் தேடுகிறவர்களுக்கு நான் சொன்னது மாறாது.

'அன்லிமிடெட்' போட்டால் இந்தத் தலைவலியே இல்லையே?

அதிலும் பெரும்பாலும் ஓர் அளவு உண்டு. அந்த அளவு தாண்டினால் வேகம் எவ்வளவு என்று கீழே சின்ன எழுத்தில் இருக்கும், படியுங்கள். 64 கேபிபிஎஸ் என்றால் நொடிக்கு 8 கேபி. 2 எம்பி போட்டோ ஒன்று வரவே நாலு நிமிடம் ஆகும். எழுத்துச் செய்தி போகும், மேப் திணறும்.

5ஜி பேக் அவசியமா?

உங்கள் பயன்பாட்டுக்கு இல்லை. வேகம் கூடினால், 'ஆட்டோ' என்று வைத்திருக்கிற வீடியோ தரமும் தானாகக் கூடி, டேட்டா சீக்கிரம் தீரும்.

2 ஜிபி போதுமா?

மேலே சொல்லியாகிவிட்டது. போனைத் திறந்து பாருங்கள், தயவுசெய்து.

வீட்டு பிராட்பேண்டுக்கு எது நல்லது?

அது வேறு துறை, எனக்குப் பழக்கமில்லை.

ஓடிபிக்காக மட்டும் ஒரு பழைய சிம் வைத்திருக்கிறேன். ரீசார்ஜ் செய்யாமல் விடலாமா?

விடாதீர்கள். நெடுநாள் ரீசார்ஜ் இல்லாத ப்ரீபெய்ட் எண்ணைக் கம்பெனி எடுத்து, கொஞ்ச காலம் கழித்து வேறொருவருக்குக் கொடுத்துவிடும். உங்கள் பேங்க் ஓடிபி அவர் போனுக்குப் போகும். எத்தனை நாள் கெடு என்று உங்கள் கம்பெனி விதியில் பார்த்து, அதற்கு முன்னால் இருப்பதிலேயே குறைந்த ரீசார்ஜ் ஒன்று போட்டுவிடுங்கள். அந்த சிம்மில் மொபைல் டேட்டாவை அணைத்தே வையுங்கள். பேக் இல்லாமல் நெட் ஓடினால் மெயின் பேலன்ஸில் கை வைக்கலாம். எண்ணை விட்டுவிடுவது என்று முடிவு செய்தால், முதலில் பேங்கிலும் மெயிலிலும் புது எண்ணைப் பதிந்துவிட்டு அப்புறம் விடுங்கள்.