அல்வாவுக்கு எதுக்கு ஃபில்டர்? – இன்ஸ்டா வியாபாரம், கேள்வி பதில்

நெல்லை, தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த கேள்விகள். பேர் போடவில்லை, ஊரும் தொழிலும் மட்டும்.

அல்வா கடை, திருநெல்வேலி டவுன்: தினமும் படம் போடுறோம். ‘சூப்பர் அண்ணாச்சி’ன்னு கமெண்ட் வருது, ஆர்டர் வரல. போன வாரம் ஒருத்தர் பார்சலைப் பிரிச்சுட்டு, ‘படத்துல பார்த்த அல்வா இது இல்லையே’ன்னு சண்டைக்கு வந்துட்டார்.

சண்டைக்கு வந்தவர் பக்கம் நியாயம் இருக்கிறது. உங்கள் படத்தில் அல்வா செங்கல் நிறத்தில் இருக்கிறது. கடைக்குள் டியூப் லைட். அதன் பச்சைச் சாயலைச் சரிசெய்யப் பார்த்து, ஃபோனே அல்வாவைச் சாம்பல் பூத்த மாதிரி ஆக்கிவிடுகிறது. அதை மறைக்க நீங்கள் ஃபில்டர் போட்டுச் சிவப்பை ஏற்றுகிறீர்கள். வாங்குகிறவர் அந்தச் சிவப்பைத்தான் எதிர்பார்க்கிறார்.

தட்டை வாசல் பக்கம் கொண்டுவாருங்கள். காலை எட்டிலிருந்து பத்து மணிக்குள், நேர் வெயில் விழாத நிழல். அந்தப் பக்கத்து டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள். இரண்டு வெளிச்சம் கலந்தால் எந்த ஃபோனும் குழம்பும். வெளிச்சம் அல்வாவுக்குப் பின்னாலிருந்தோ பக்கத்திலிருந்தோ வர வேண்டும், நெய்யின் மினுக்கம் அப்போதுதான் தெரியும். எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைச் சார்ட் அட்டையை நிறுத்தினால் நிழல் கறுக்காது. திரையில் அல்வாவின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸ் பூட்டிக்கொள்ளும். பக்கத்தில் வருகிற சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழுங்கள். இழுக்காவிட்டால் நெய் மினுங்குகிற இடமெல்லாம் வெள்ளைத் திட்டாகிவிடும். சட்டியிலிருந்து இலைக்கு வந்த இரண்டு மூன்று நிமிஷத்துக்குள் எடுத்துவிடுங்கள். ஆறினால் நெய் உறைந்து மேலே மங்கலாக ஆடை கட்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் லென்ஸைத் துடையுங்கள். அல்வாக் கடை ஃபோனில் நெய்க்கை படாத லென்ஸ் ஏது?

ஆர்டர் வராததற்குக் காரணம் வேறு. படத்துக்குக் கீழே எழுதுவதில் முதல் 125 எழுத்து அளவுதான் வெளியே தெரியும், மிச்சத்தைப் பார்க்கத் தட்ட வேண்டும். நீங்கள் அந்த இடத்தை ‘தலைமுறை தலைமுறையாகத் தரம் மாறாத சுவை’ என்று நிரப்பிவிடுகிறீர்கள். சென்னையில் இருக்கிறவருக்குத் தெரிய வேண்டியது அரைக் கிலோ என்ன விலை, எத்தனை நாள் தாங்கும், கூரியர் எத்தனை நாளில் வரும், எந்த நம்பருக்குச் சொல்ல வேண்டும் என்பது. அதை முதல் வரியில் எழுதுங்கள், சுவைப் பெருமை அடுத்த வரிக்குப் போகட்டும். 14 இலக்க உணவு உரிம எண்ணையும் உங்கள் இன்ஸ்டா பக்கத்தில் போட்டு வையுங்கள். வெளியூர்க்காரர் முன்பணம் அனுப்புமுன் இந்த மாதிரி ஏதாவது இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்.

பாய் நெசவு, பத்தமடை: பட்டுப்பாயைப் படம் எடுத்தா அலை அலையா கோடு விழுது. நேர்ல அப்படி ஒண்ணும் இல்ல. ‘விலைக்கு இன்பாக்ஸ் வாங்க’ன்னு போட்டா யாரும் வரவும் மாட்டேங்காங்க.

அந்த அலை பாயில் இல்லை, கேமராவில் இருக்கிறது. கோரையைக் கீறிக் கீறி மெலிதாக்கி நெருக்கமாக நெய்த வரிகள் ஒரு பக்கம், கேமரா சென்சாரின் புள்ளி வரிசை இன்னொரு பக்கம். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழும்போது இல்லாத கோடு பிறக்கிறது. கொசுவலையை இரண்டாக மடித்துப் பார்த்தால் அலை தெரியுமே, அதே சங்கதிதான். பாய் எவ்வளவு நைசோ அவ்வளவு தொல்லை. கட்டம் போட்ட சேலையிலும் லுங்கியிலும் இது வரும்.

ஓரடி முன்னே பின்னே நகர்ந்து எடுங்கள், அல்லது ஃபோனைப் பத்துப் பதினைந்து டிகிரி சாய்த்துப் பிடியுங்கள். பெரும்பாலும் கோடு போய்விடும். எடுத்த பிறகு, படத்தைக் கூர்மையாக்குகிற ‘ஷார்ப்பன்’ பக்கம் போகவே வேண்டாம். ஃபோன் கேலரியில் நன்றாக இருந்து, ஏற்றிய பிறகு கோடு விழுந்தால் படம் சுருங்கியதுதான் காரணம். 1080-க்கு 1440 பிக்சல் அளவுக்கு நீங்களே வெட்டிச் சுருக்கிப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள். ஃபிளாஷ் கூடாது. சாய்ந்த வெயில் பக்கவாட்டில் விழுந்தால் ஒவ்வொரு கோரை இழையும் எண்ணுகிற மாதிரி நிற்கும்.

ஒரு பாய்க்கு ஒரே படம் போதாது. ஒரே பதிவில் 20 படம் வரை வைக்கலாம், உங்களுக்கு ஆறு போதும். முழுப் பாய், ஒரு ரூபாய்க் காசு பக்கத்தில் வைத்த நெருக்கப் படம், கைக்குட்டை மாதிரி மடித்துக் கையில் பிடித்தது, ஓரம் கட்டியிருக்கும் விதம், தறியில் இருக்கும்போது எடுத்தது, கடைசியில் நீளம், அகலம், விலை, நெய்து தர எத்தனை வாரம் என்று எழுதிய அட்டை. மடித்துக் காட்டுகிற படத்தை விட்டுவிடாதீர்கள். பாயை மடிக்க முடியும் என்பதே வெளியூரில் பலருக்குத் தெரியாது. கல்யாணத்துக்குப் பேர் போட்டு நெய்கிறவர் என்றால் முகூர்த்தத்துக்கு எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்பதையும் அந்த அட்டையிலேயே எழுதிவிடுங்கள்.

‘விலைக்கு இன்பாக்ஸ்’ என்பதை நான் எங்கே பார்த்தாலும் சொல்கிறேன்: எடுத்துவிடுங்கள். ‘ஆளைப் பார்த்து விலை சொல்லுவாங்க’ என்று நினைத்துத்தான் ஜனங்கள் நகர்ந்து போகிறார்கள். சரியான விலை சொல்ல முடியாவிட்டால் ‘இத்தனை ரூபாயிலிருந்து’ என்றாவது போடுங்கள்.

ஜவுளிக் கடை, பாளையங்கோட்டை: ஆடித் தள்ளுபடிக்குத் தினம் ஒரு போஸ்டர், சினிமாப் பாட்டு வச்சு ரீல் எல்லாம் போட்டோம். ரீல்ல சத்தமே போயிடுச்சு. போஸ்டர்ல கடைப் பேரே வெட்டுப்படுது.

பாட்டு உங்களுடையது இல்லை. சொந்தக் கணக்கில் விளையாட்டாகப் போடுவதற்குக் கிடைக்கிற பாட்டெல்லாம் வியாபாரக் கணக்குக்குக் கிடைக்காது. எங்கிருந்தோ எடுத்து ஒட்டினால் இன்ஸ்டா சத்தத்தை அணைத்துவிடும், அந்த ரீலைக் காசு கட்டி விளம்பரமாக்கவும் முடியாது. இன்ஸ்டாவை நடத்துகிற மெட்டா நிறுவனத்தின் பாட்டுத் தொகுப்பான ‘சவுண்ட் கலெக்ஷன்’ இலவசம். அதைவிட உங்கள் விற்பனைப் பெண் பேசுகிற குரலே மேல். ‘அக்கா, இந்த முந்தியப் பாருங்க’ என்று கவுண்டரில் விரித்துக் காட்டுவாரே, அதை அப்படியே எடுங்கள்.

வெட்டுப்படுவதற்குக் காரணம்: 2025 ஜனவரியில் இன்ஸ்டா பக்கத்துச் சதுரக் கட்டங்கள் 3-க்கு 4 என்ற நெட்டைக் கட்டமாகிவிட்டன. பழைய சதுரப் போஸ்டரில் இரண்டு பக்க ஓரமும் போகும். ரீல் 1080-க்கு 1920 அளவு என்றால் மேலே 270, கீழே 670, இரண்டு பக்கமும் 65 பிக்சலில் எழுத்து வேண்டாம். அந்த இடங்களில் பேரும் பட்டனும் வந்து உட்காரும். நடுவில் இருப்பது கொஞ்ச இடம். அதில் ஃபிளக்ஸ் போர்டு மாதிரி முதலாளி படம், ஐந்து கிளை முகவரி, ‘50% வரை’ எல்லாம் திணித்தால் எதையும் படிக்க முடியாது. ஒரு சேலை, ஒரு விலை. போதும்.

காசு கட்டிப் பதிவை விளம்பரமாக்குகிற ‘பூஸ்ட்’ போடும்போது தமிழ்நாடு முழுக்க என்று வைத்திருக்கிறீர்கள். தருமபுரிக்காரர் லைக் போட்டு உங்களுக்கு ஆவதென்ன? வரைபடத்தில் கடை மேல் ஊசியைக் குத்தி, ஜனங்கள் பஸ் ஏறி வருகிற தூரத்துக்கு வட்டம் போடுங்கள். 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு என்பதையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மண்பானை விற்பனை, காருகுறிச்சி: காசு குடுத்துப் பத்தாயிரம் ஃபாலோயர் ஏத்தினோம். பன்னிரண்டு லைக்தான் வருது.

வாங்கிய ஃபாலோயர் பானை வாங்க மாட்டார். உங்களைத் தொடர்கிறவர்களே படத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை என்றால் இன்ஸ்டா அதை மற்றவர்களுக்கும் காட்டாது. அந்தக் கணக்குகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நீக்குங்கள். புதுச் சட்டியை அரிசி கழுவின தண்ணி ஊற்றிப் பழக்குவது எப்படி, தட்டிப் பார்த்தால் நல்ல பானை எப்படிக் கேட்கும், உடையாமல் வைக்கோல் வைத்து எப்படிக் கட்டுகிறீர்கள் என்று மூன்று ரீல் போடுங்கள். அதைத்தான் சேமித்து வைத்துத் திரும்பப் பார்ப்பார்கள்.

தங்கும் விடுதி, குற்றாலம்: பிரபலம் ஒருத்தருக்கு 15,000 ரூபாயும் ரெண்டு நாள் ரூமும் குடுத்தோம். வீடியோ நல்லா ஓடுச்சு, ஒரு புக்கிங்கும் இல்ல.

காசு கொடுக்குமுன் ஒன்று கேட்டிருக்க வேண்டும்: அவருடைய ‘இன்சைட்ஸ்’ என்ற புள்ளிவிவரப் பக்கத்தில், பார்க்கிறவர்கள் எந்த ஊர் என்ற பட்டியலின் ஸ்க்ரீன்ஷாட். உங்களுக்கு வேண்டியவர்கள் மதுரை, ராஜபாளையம், விருதுநகர், சென்னை, மலைக்கு அந்தப் பக்கம் புனலூர், கொல்லம். பட்டியலில் அவர்கள் இல்லாவிட்டால் லட்சம் பேர் பார்த்தும் புண்ணியமில்லை.

அந்த வீடியோவில் இன்னொரு கோளாறு. அது விளம்பரம் என்று எங்கேயும் சொல்லவில்லை. 2023 ஜனவரியில் நுகர்வோர் விவகாரத் துறை கொடுத்த வழிகாட்டுதல்படி, காசு மட்டுமல்ல, இலவசத் தங்கலும் சொல்லப்பட வேண்டிய தொடர்பு. வீடியோவுக்குள்ளேயே சொல்ல வேண்டும், பேசுகிற மொழியிலேயே சொல்ல வேண்டும். ஹேஷ்டேக் கும்பலுக்குள் ஒளித்து வைத்தால் செல்லாது. தவறாக வழிநடத்துகிற விளம்பரத்துக்கு அபராதம் பத்து லட்சம் வரை, திரும்பச் செய்தால் ஐம்பது லட்சம் வரை.

நீங்களே செய்யக்கூடியது: ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல் காலத்தில், புதன் வியாழன் காலையில், அன்றைக்கு அருவியில் தண்ணி எப்படி விழுகிறது என்று இருபது நொடி வீடியோ. சனி ஞாயிறுக்குக் கிளம்புகிறவர் தேடுவது அதைத்தான். போன வருஷ வீடியோவைப் போடாதீர்கள். வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். தடையன்று வந்து திரும்பிப் போகிறவர் உங்களைத்தான் திட்டுவார். உங்கள் இன்ஸ்டா பக்கத்தில் இருக்கிற வாட்ஸ்அப் இணைப்பில் ‘இன்ஸ்டா பார்த்தேன், ரூம் இருக்கா?’ என்ற வரியை முன்கூட்டியே போட்டுவைத்தால், எத்தனை பேர் எங்கிருந்து வந்தார்கள் என்று மாசக் கடைசியில் எண்ணிவிடலாம்.

பாத்திரக் கடை, அம்பாசமுத்திரம்: ‘காப்பிரைட் மீறல், 24 மணி நேரத்துல கணக்கு போயிடும்’னு மெசேஜ் வந்திருக்கு. கணக்கு அக்கா மகன் நம்பர்ல இருக்கு, அவன் துபாய்ல.

அந்த மெசேஜில் இருக்கிற இணைப்பைத் தொடாதீர்கள். இன்ஸ்டா உங்களுக்கு உண்மையிலேயே மின்னஞ்சல் அனுப்பியிருந்தால், இன்ஸ்டா செட்டிங்ஸில் இருக்கிற அக்கவுண்ட்ஸ் சென்டரில், ‘பாஸ்வேர்டும் பாதுகாப்பும்’ பகுதியில் சமீபத்திய மின்னஞ்சல் பட்டியலில் இருக்கும். அங்கே இல்லையென்றால் திருட்டு மெசேஜ்தான். மருமகனை இன்றைக்கே கூப்பிட்டு, அவர் லைனில் இருக்கும்போதே கடை நம்பரையும் கடை மின்னஞ்சலையும் சேர்த்து, பாஸ்வேர்டோடு இன்னொரு குறியீடும் கேட்கிற இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டு, அதற்கான பேக்கப் குறியீடுகளைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். அதன் பிறகு பழைய நம்பரை எடுத்துவிடலாம்.