அம்மா நினைவாக டீ விருந்து: நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: குடியாத்தத்தில் இருக்கிறேன், வயது 38. ராணிப்பேட்டையில் தோல் கம்பெனியில் வேலை, மாதம் 42,000 ரூபாய் கைக்கு வருகிறது. போன ஆடியில் அம்மா புற்றுநோயில் தவறிவிட்டார். இரண்டு வருடம் வேலூர் சி.எம்.சி.யில்தான் வைத்தியம். வீட்டுக்கு யார் வந்தாலும் டீ குடிக்காமல் அனுப்ப மாட்டார் என்பதால், வருஷத் திதி முடிந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மண்டபம் பிடித்து, 300 பேரைக் கூப்பிட்டு டீ விருந்து வைத்து, வருகிறவர்கள் கொடுக்கும் பணத்தை ஏழைப் புற்றுநோயாளிகளுக்குக் கொடுக்க ஆசை. செலவு 1,20,000 ஆகும் போலிருக்கிறது. மனைவியின் நகையை வைத்து 80,000 எடுக்கலாமா, இல்லை அம்மா பெயரில் இருக்கும் 3 லட்சம் டெபாசிட்டை (நான்தான் நாமினி) உடைக்கலாமா? அழைப்பிதழில் என் ஜிபே எண்ணைப் போடப் போகிறேன். நியூஜெர்சியில் இருக்கும் பெரியம்மா மகள் 1 லட்சம் அனுப்புவதாகச் சொல்கிறார். வரி வருமா? டிரஸ்ட் ஆரம்பித்துவிடலாமா? அம்மா வைத்தியத்துக்கு மாமாவிடம் வாங்கிய கைமாத்து 60,000 இன்னும் பாக்கி.

பதில்: டீ விருந்து வையுங்கள். நல்ல யோசனை, அம்மாவுக்குப் பொருத்தமான யோசனையும்கூட. ஆனால் நீங்கள் போட்டிருக்கும் கணக்கில் வைக்க வேண்டாம். நகை பெட்டியிலேயே இருக்கட்டும், ஜிபே எண்ணை அழைப்பிதழில் இருந்து எடுத்துவிடுங்கள். டீச் செலவு உங்களுடையது, நன்கொடை நோயாளிகளுடையது, இந்த இரண்டும் ஒரே பையில் விழக்கூடாது. நான் கீழே சொல்லப்போவது எல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

முதலில் உங்கள் 1,20,000 ரூபாயைப் பார்ப்போம். 300 பேருக்கு என்றால் தலைக்கு 400 ரூபாய். வருகிறவர் சராசரியாக 500 கொடுத்தால் ஒன்றரை லட்சம் சேரும், செலவு போக நோயாளிக்குப் போவது 30,000. மழை வந்து 200 பேர்தான் வந்தார்கள் என்றால் சேருவது 1 லட்சம், அதாவது கைக்காசு 20,000 நஷ்டம். இதில் 80,000 நகைக் கடன், பேங்கில் வருடத்துக்கு 10 சதவீதம் என்று வைத்தாலும் 8,000 வட்டி, அடகுக் கடை என்றால் அதற்கும் மேலே. மனைவியின் நகை மண்டப வாடகைக்காக அடகுக்குப் போவதை உங்கள் அம்மா ஒத்துக்கொண்டிருப்பாரா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அப்புறம் அந்த 60,000 கைமாத்து. மாமா கேட்கவில்லை, கேட்கவும் மாட்டார், ஆனால் அவரும் அந்த விருந்துக்கு வருவார், மண்டபத்தையும் சீரியல் செட்டையும் பார்ப்பார். அம்மாவின் வைத்தியத்துக்கு ஓடிவந்து கொடுத்த பணம் அது. அதைத் திருப்பிக் கொடுப்பதும் அம்மாவுக்குச் செய்யும் காரியம்தான், என் கணக்கில் அதுதான் முதல் காரியம். மாதம் 5,000 என்று அவரிடம் சொல்லிவிட்டு, விருந்துக்கு முன்னால் முதல் தவணையைக் கொடுத்துவிடுங்கள். ஒரே வருடத்தில் முடிந்துவிடும்.

விருந்தை எப்படிச் சின்னதாக்குவது? 150 பேர் போதும். டீ, சூடாக இரண்டு மசால் வடை, ஒரு ஆற்காடு மக்கன் பேடா. தலைக்கு 80 என்று வைத்தால் 12,000. பெரிய மண்டபம் வேண்டாம், தெருவில் ஒரு ஷாமியானா, நாற்காலி வாடகை எல்லாம் சேர்த்து 6,000. மொத்தம் 18,000. இன்றிலிருந்து மாதாமாதம் கொஞ்சம் எடுத்துவைத்தால் கடன் இல்லாமல் முடிகிற தொகை. மண்டபம்தான் வேண்டும் என்று வீட்டில் சொன்னால், ஆடியில் முகூர்த்தம் கிடையாது, மண்டபங்கள் காலியாகக் கிடக்கும், அரை நாள் வாடகைக்குப் பேசிப் பாருங்கள், குறைப்பார்கள். தேதி ஆடிக் கிருத்திகையை ஒட்டி விழுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், பாதி சொந்தக்காரர்கள் காவடியோடு ரத்தினகிரிக்கோ வள்ளிமலைக்கோ கிளம்பிவிடுவார்கள். பால் 12 லிட்டர் சொன்னால் இரண்டாவது டம்ளர் கேட்பவர்களுக்கும் வரும். பேப்பர் கப் வாங்காதீர்கள், பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப் 2019 ஜனவரியில் இருந்தே தமிழ்நாட்டில் தடை. எவர்சில்வர் டம்ளர் பாத்திர வாடகைக் கடையில் கிடைக்கும், டீயும் அதில் குடித்தால்தான் டீ.

இப்போது ஜிபே விஷயம். சொந்தக்காரர் அல்லாதவர்களிடம் இருந்து ஒரு நிதியாண்டில் உங்கள் கைக்கு வரும் பணம் 50,000 ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதி மட்டும் அல்ல, முழுத் தொகையும் உங்கள் வருமானம் என்றுதான் வரிச் சட்டம் பார்க்கும். சட்டம் சொல்லும் சொந்தம் வேறு, நம் வீட்டுச் சொந்தம் வேறு. அண்ணன் தம்பி, அக்கா தங்கை, சித்தப்பா, அத்தை, மாமா, பெரியம்மா எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. அவர்களுடைய பிள்ளைகள் கிடையாது. அதாவது உங்கள் பெரியம்மா சொந்தம், பெரியம்மா மகள் சொந்தம் இல்லை! உங்கள் சம்பளத்துக்கு, புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரி விழாது என்பதால், கையை விட்டு வரி போகாது என்பது சரிதான். ஆனாலும் அது கணக்கில் காட்ட வேண்டிய வருமானம், நாளைக்கு ஒரு நோட்டீஸ் வந்தால் இத்தனை பேர் அனுப்பிய பணத்துக்கு நீங்கள் பதில் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டும். வரியைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. பணம் உங்கள் கணக்கில் ஒரு வாரம் கிடந்தாலே ஊரில் யாராவது ஒருவர் "எவ்வளவு சேர்ந்தது, எவ்வளவு போனது" என்று கேட்பார். அம்மா பெயரில் நடக்கும் காரியத்தில் அந்தப் பேச்சு வரவே கூடாது.

அதனால் சி.எம்.சி. மருத்துவமனையின் நன்கொடைப் பிரிவுக்கு நேரில் போங்கள். ஏழை நோயாளிகளின் சிகிச்சைக்கு என்று குறிப்பிட்டுக் கொடுக்க என்ன வழி என்று கேட்டு, கணக்கு எண்ணையோ கியூஆர் கோடையோ அவர்கள் கையிலிருந்தே வாங்குங்கள், வாட்ஸ்அப்பில் சுற்றி வருவதை நம்பி அச்சடிக்காதீர்கள். ஒரு ரூபாய் அனுப்பிப் பார்த்து, பெயர் சரியாக வருகிறதா என்று உறுதி செய்துகொண்டு அப்புறம் அழைப்பிதழில் போடுங்கள். கொடுப்பவர் நேராக அனுப்பினால் ரசீது அவர் பெயரில் வரும். பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு நன்கொடைக்கான வரிச் சலுகை வேண்டும் என்றால் அந்த ரசீது முக்கியம், ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அந்தச் சலுகை கிடையாது. நீங்கள் மொத்தமாக வாங்கி நீங்களே கட்டினால் ரசீது உங்கள் பெயரில் வரும், அவர்களுக்கு ஒன்றும் இல்லை.

ஆனால் நம் பக்கத்தில் பெரியவர்கள் கவரில் பணம் வைத்துத்தான் கொடுப்பார்கள், போனைக் காட்டினால் சங்கடப்படுவார்கள். அவர்களுக்கு வாசலில் பூட்டுப் போட்ட ஓர் உண்டியல். சாவி உங்களிடம் வேண்டாம், மாமாவிடம் இருக்கட்டும். விருந்து முடிந்ததும் அங்கேயே இரண்டு பேர் முன்னால் திறந்து எண்ணி, தொகையை ஒரு தாளில் எழுதி மூன்று பேர் கையெழுத்துப் போட்டு, மறுநாள் காலையில் மருத்துவமனையில் கட்டிவிடுங்கள். மொய் நோட்டு மட்டும் வேண்டவே வேண்டாம். யார் எவ்வளவு என்று எழுத ஆரம்பித்தாலே, மைக்கில் படித்தாலே, அது திருப்பிச் செய்ய வேண்டிய கடனாகிவிடும். கூலி வேலைக்குப் போகிற அம்மாவின் தோழி 20 ரூபாய் போட்டாலும் நிமிர்ந்து நின்று டீ குடித்துவிட்டுப் போக வேண்டும்.

டெபாசிட்டுக்கு வருவோம். நாமினி என்றால் பேங்க் உங்கள் கையில் பணத்தைக் கொடுக்கும், அவ்வளவுதான். அந்தப் பணம் வாரிசுகள் எல்லோருக்கும் உரியது. அம்மா உயில் எழுதவில்லை என்றால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி கணவர், மகன், மகள் எல்லோருக்கும் சம பங்கு. அப்பா இருக்கிறாரா, கூடப் பிறந்தவர்கள் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. அப்பாவும் ஒரு தங்கையும் இருந்தால் 3 லட்சத்தில் உங்களுடையது 1 லட்சம்தான். நல்ல காரியத்துக்குத்தானே என்று கேட்காமல் உடைத்தால், அந்த நல்ல காரியமே அண்ணன் தங்கைக்கு நடுவில் சுவராக நிற்கும், இதை நிறைய வீடுகளில் பார்த்திருக்கிறேன். முதலில் உட்கார்ந்து பேசிப் பிரித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பங்கை என்ன செய்யலாம் என்று என்னைக் கேட்டால், விருந்தில் கரைக்காதீர்கள். வேலூரிலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. சி.எம்.சி.யை நிறுவிய டாக்டர் ஐடா ஸ்கடர் 1900-ல் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய வைத்தியம், 1902-ல் 40 கட்டில் மருத்துவமனை ஆனதே, அது எப்படி? நியூயார்க் வங்கியாளர் ஷெல், இறந்துபோன தன் மனைவி மேரி டேபர் ஷெல் நினைவாகக் கொடுத்த 10,000 டாலரில். ஆரணி ரோட்டில் இருக்கும் ஷெல் கண் ஆஸ்பத்திரிக்கு அந்த அம்மாவின் பெயர்தான் இன்றும். உங்களால் ஆஸ்பத்திரி கட்ட முடியாது, ஆனால் 1 லட்சத்தை டெபாசிட்டாகவே வைத்து, வட்டி ஆறரை சதவீதம் கிடைத்தால் வருடம் 6,500, அதை ஒவ்வொரு ஆடியிலும் ஒரு நோயாளிக்காகக் கொடுக்க முடியும். சிகிச்சைக்குக் காப்பீட்டு அட்டை இருக்கிறவர்களுக்கும் பஸ் செலவு, லாட்ஜ் வாடகை, சாப்பாடு என்று எவ்வளவு கரைகிறது என்பது இரண்டு வருடம் அலைந்த உங்களுக்குத் தெரியும். காந்தி ரோட்டுப் பக்கம் லாட்ஜில் அறை எடுத்து, வாடகை அடுப்பில் கஞ்சி வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் காத்திருக்கும் வெளிமாநிலக் குடும்பங்களுக்கு 6,500 பெரிய தொகை. அசல் உங்கள் குடும்பத்துக்கு ஆபத்துக்கு உதவும் பணமாகவும் இருக்கும்.

பெரியம்மா மகள் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டாரா என்று கேளுங்கள். வாங்கியிருந்தால் அது வெளிநாட்டு நன்கொடை, அதை வாங்க எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ உள்ள நிறுவனத்தால்தான் முடியும், உங்கள் கணக்கில் வாங்கிப் பிரித்துக் கொடுக்கும் வேலை வேண்டாம். சி.எம்.சி.க்காகவே அமெரிக்காவில் வேலூர் சி.எம்.சி. ஃபவுண்டேஷன் இருக்கிறது, அதில் கட்டினால் அவருக்கு அங்கே வரிச் சலுகையும் கிடைக்கும். இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்தான் என்றால், தன் சம்பாத்தியத்தைப் பேங்க் வழியாக நேராக மருத்துவமனைக்கு அனுப்பலாம்.

டிரஸ்ட் இப்போது வேண்டாம். பத்திரப் பதிவு, பான், வருமான வரித் துறையில் தனிப் பதிவு, வருடாவருடம் கணக்குத் தாக்கல், ஆடிட்டர் கட்டணம் என்று நீங்கள் கொடுக்க நினைக்கும் பணத்தில் நல்ல பங்கு அதிலேயே போய்விடும்.

அழைப்பிதழ் அச்சுக்குப் போவதற்கு முன்னால் வீட்டில் பேசிவிடுங்கள். விருந்து முடிந்த வாரத்தில், உண்டியல் பணம் கட்டிய ரசீதைப் படம் எடுத்து, மொத்தம் எவ்வளவு என்று மட்டும் எழுதி, வந்தவர்கள் எல்லோருக்கும் அனுப்புங்கள்.