வர்ணம் எப்போது வரும்? வீணை கற்பவர்களின் கேள்விகளும் பதில்களும்

ஸ்ரீரங்கத்தில் 27 வருடமாக வீணை சொல்லிக்கொடுக்கிறேன். என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் வேலைக்குப் போகிறவர்கள், இல்லையென்றால் ஓய்வு பெற்றவர்கள். இந்த முறை வந்த கேள்விகளைப் படித்தபோது, பலருடைய வருத்தமும் ஒன்றுதான் என்று தெரிந்தது. ஆசையாகத் தொடங்கியிருக்கிறார்கள். இப்போது ஆசை எங்கேயோ போய்விட்டது, கணக்கு மட்டும் மிச்சமிருக்கிறது. அந்தக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். புதியவர்களுக்கு ஒரு வரி: பாடங்கள் சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம், ஜதிஸ்வரம், வர்ணம், கீர்த்தனை என்று படிப்படியாக ஏறும்.

கேள்வி (கோவை, 41 வயது, வங்கி ஊழியர்): எட்டு மாதமாகக் கற்கிறேன். இன்னும் அலங்காரத்திலேயே நிற்கிறேன். என்னோடு சேர்ந்த இரண்டு பேர் கீதம் முடித்து ஜதிஸ்வரத்துக்குப் போய்விட்டார்கள். வகுப்பு நாள் வந்தாலே மனசு சோர்ந்துபோகிறது. எனக்கு இது வராதோ?

பதில்: வேலையும் பார்த்துக்கொண்டு எட்டு மாதத்தில் அலங்காரம் வாசிப்பது சரியான வேகம்தான். அதைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஆனால் அந்தச் சோர்வை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன், ஏனென்றால் எனக்கும் அது இருந்தது.

18 வயதில், நோட்டின் கடைசிப் பக்கத்தில் முடித்த வர்ணங்களையெல்லாம் எண் போட்டு எழுதி வைப்பேன். ஒரு மே மாதம், பதினாறாவது ஓடிக்கொண்டிருந்தது. அப்போது மேளம் கட்ட ஒரு பெரியவர் வீட்டுக்கு வந்தார். தந்தியை அழுத்தி வாசிக்கும் உலோகக் கட்டைகளைத்தான் மெட்டு என்கிறோம். வீணையின் 24 மெட்டுகளும் மெழுகில் பதிந்திருப்பவை. வெயில் காலத்தில் மெழுகு இளகினால் மெட்டு லேசாக நகரும், சுருதி மாறிவிடும். அதைச் சரிசெய்வதைத்தான் மேளம் கட்டுவது என்கிறோம். அவர் வீணையை மடியில் வாங்கி, முதன்மையான சாரணித் தந்தியை ஒவ்வொரு மெட்டாக அழுத்தி மீட்டிக்கொண்டே வந்தார். நாலாவது மெட்டில் நின்றார். தலையைச் சாய்த்து இன்னொரு தடவை மீட்டினார். “காந்தாரம் ஏறியிருக்கேம்மா, எத்தனை நாளா இப்படியே வாசிக்கிறே?” என்றார். குறை சொல்கிற குரல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. மோகனம், கல்யாணி ராகங்களுக்கு அந்த மெட்டுதான் காந்தாரம், அதாவது ‘க’ ஸ்வரம். ஒரு நாளைக்கு நூறு தடவையாவது அதைத் தொட்டிருப்பேன். ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. விரல் இந்தப் பாட்டில் இருந்தது, காது அடுத்த பாட்டுக்குப் போய்விட்டது. அன்று ராத்திரி அந்தக் கடைசிப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.

உங்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். இந்த வாரம் துருவ தாள அலங்காரத்தை முதல் காலத்தில் மட்டும் வாசியுங்கள். 14 அட்சரம், மெதுவாக. ஒவ்வொரு முறை காந்தாரம் வரும்போதும் அது சுருதிப் பெட்டியோடு ஒட்டுகிறதா, தனியாக நிற்கிறதா என்று மட்டும் கேளுங்கள். மற்ற இருவர் எங்கே இருக்கிறார்கள் என்பது அந்த நேரத்தில் ஞாபகத்துக்கே வராது. வந்தால், கேட்பதை விட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். திரும்ப ஆரம்பியுங்கள்.

கேள்வி (சேலம், 29 வயது): எத்தனை வருஷத்தில் நன்றாக வாசிக்க வரும்?

பதில்: தினமும் முக்கால் மணி நேரம் உட்கார்ந்தால், ஒரு கீர்த்தனையைப் பிழையில்லாமல் வாசிக்க மூன்று நான்கு வருடம் ஆகும். என் மாணவர்களிடம் பார்த்து இதைச் சொல்கிறேன். ‘நன்றாக’ என்று கேட்டால், நான் வீணையைத் தொட்டு 46 வருடம் ஆகிறது. தோடி ராகத்தின் காந்தாரத்தை இன்னும் தினமும் தேடுகிறேன். விடியற்காலை எழுந்திருப்பதே அதற்காகத்தான், தம்பி.

கேள்வி (மதுரை, 35 வயது): சரளி வரிசையை எத்தனை தடவைதான் வாசிப்பது? சொன்னால் தப்பாக நினைக்காதீர்கள், தூக்கம் வருகிறது. ரசித்து வாசி என்கிறார்கள். ஸரிகமபதநி-யில் ரசிக்க என்ன இருக்கிறது?

பதில்: தப்பாக நினைக்க ஒன்றுமில்லை. எதைக் கவனிப்பது என்று சொல்லாமல் ‘ரசி’ என்று மட்டும் சொன்னால் யாருக்கும் தூக்கம்தான் வரும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆரம்பப் பாடங்களை முறைப்படுத்தியவர் புரந்தரதாசர் என்பது சம்பிரதாயம். அவற்றை வாசிக்கும் ராகம் மாயாமாளவகௌளை. இடது கை எங்கெல்லாம் போகிறது என்று பாருங்கள். திறந்த தந்தி ஸ. அப்புறம் 1-ஆம் மெட்டு ரி, 4 க, 5 ம, 7 ப, 8 த, 11 நி, 12 மேல் ஸ. ரி-யிலிருந்து க-வுக்கு மூன்று மெட்டு தாண்டுகிறீர்கள், க-விலிருந்து ம-வுக்கு ஒன்றுதான். மேலே போனாலும் அப்படியே: ப-த ஒன்று, த-நி மூன்று, நி-ஸ ஒன்று. ராகத்தின் கீழ்ப்பாதியும் மேல்பாதியும் ஒரே அச்சு. கீழே ரி-க எப்படி ஒலித்ததோ, மேலே த-நி அதே உறவில் ஒலிக்க வேண்டும். ஒலிக்கிறதா? நாளைக்கு இதை மட்டும் கேட்டுக்கொண்டு ஒரு வரிசை வாசியுங்கள்.

மறுநாள் வலது கைக்குப் போங்கள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறி மீட்டுகின்றன. இரண்டும் ஒரே பலத்தில் மீட்டுகின்றனவா? முக்கால்வாசிப் பேருக்கு நடுவிரல் ஒலி கொஞ்சம் மங்கலாக இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு, எந்த விரல் மீட்டியது என்று தெரியாத அளவுக்கு இரண்டையும் சமமாக்கப் பாருங்கள்.

ஜண்டை வரிசையில் இன்னொரு அழகு இருக்கிறது. ‘மம’ என்று வரும் இடத்தில், இரண்டாவது ம வெறும் ம இல்லை. ஆள்காட்டி விரல் 4-ஆம் மெட்டில் நிற்க, நடுவிரல் 5-இல் சட்டென்று விழும். காந்தாரத்தை ஒரு நொடி தொட்டுக்கொண்டு ம எழும்பும். ஸ்புரிதம் என்ற கமகம் அது, ஸ்வரத்துக்கு அழகூட்டும் அசைவு. அந்தச் சின்னத் தெறிப்பு முதல்முறை விரலுக்கு வந்தபோது என் மாணவி ஒருவர் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டார். 52 வயது அவருக்கு. அன்று முழுக்க ‘மம’ மட்டும்தான் வாசித்தார், நானும் தடுக்கவில்லை.

இதெல்லாம் செய்யக்கூட மனசு இல்லாத நாளில், மிகத் தாழ்ந்த ஒலி தரும் அனுமந்தரத் தந்தியை ஒரே ஒரு தடவை மீட்டி, ஒலி முழுவதும் அடங்கும் வரை கேளுங்கள். எங்கே முடிந்தது என்று சொல்ல முடியாமல் அது முடியும். இப்படிப் பத்து தடவை மட்டும் மீட்டிவிட்டு வீணையை மூடி வைத்தாலும் அன்றைய சாதகம், அதாவது பயிற்சி, வீண் இல்லை.

கேள்வி (சென்னை, 10 வயதுப் பெண்ணின் அம்மா): மகள் ஏழு வயதில் அவளாகவே கேட்டு வீணைக்குச் சேர்ந்தாள். சாதகம் செய்யும் நாளெல்லாம் காலண்டரில் நட்சத்திரம் ஒட்டுகிறேன், 30 நட்சத்திரம் சேர்ந்தால் ஒரு பரிசு. முதலில் நன்றாக நடந்தது. இப்போது “இன்னிக்கு ஒட்டுவியா?” என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருகிறாள். தேர்வு வந்தால் அழுகிறாள்.

பதில்: அம்மா, இது உங்கள் தவறு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நல்ல எண்ணத்தில் எல்லா வீட்டிலும் செய்வதுதான். ஆனால் நீங்கள் பார்த்ததையே அமெரிக்காவில் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் சோதித்துப் பார்த்து 1973-இல் எழுதினார்கள். படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள நர்சரிக் குழந்தைகளில் சிலரிடம் மட்டும், “வரைந்தால் சான்றிதழ் தருவோம்” என்று முன்னாலேயே சொன்னார்கள். சிலருக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். சிலருக்கு எதுவும் இல்லை. கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால், பரிசை எதிர்பார்த்து வரைந்த குழந்தைகள் மற்றவர்களைவிட மிகக் குறைவாகத்தான் வரைந்தார்கள். சொல்லாமல் பரிசு வாங்கிய குழந்தைகளுக்கு அப்படி ஆகவில்லை.

காலண்டரை ஒரேயடியாகக் கிழித்துப் போடாதீர்கள், குழந்தைக்குத் தண்டனை மாதிரி தோன்றும். இந்த 30 முடியட்டும், பரிசையும் கொடுத்துவிடுங்கள். அடுத்த மாதம் காலண்டரை மாட்ட வேண்டாம். அவள் வாசிக்கும்போது காய்கறித் தட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். முடிந்ததும் “எத்தனை தடவை வாசிச்சே?” என்று கேட்காமல், “எந்த இடம் உனக்குப் பிடிச்சுது, இன்னொரு தரம் வாசியேன்” என்று கேளுங்கள். அவள் தேடிப் பார்த்து ஒரு இடத்தைக் காட்டுவாள். முதல் இரண்டு வாரம் “தெரியலை” என்றுதான் சொல்வாள். பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த வருடம் தேர்வுக்கு அனுப்பாவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது, ஆசிரியரிடமும் பேசிப் பாருங்கள்.

கேள்வி (பெங்களூரு, 33 வயது, மென்பொருள் பணி): போனில் ஒரு செயலி வைத்து 112 நாள் விடாமல் சாதகம் செய்தேன். அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்ததில் ஒரு நாள் விட்டுப்போனது. கணக்கு மறுபடி பூஜ்யத்துக்குப் போய்விட்டது. அதற்கப்புறம் ஐந்து வாரமாக வீணையைத் தொடவே பிடிக்கவில்லை.

பதில்: முதலில், அப்பா நலமாகத் திரும்பட்டும். 112 நாளில் உங்கள் விரலுக்கு வந்தது எங்கேயும் போகவில்லை. பூஜ்யத்துக்குப் போனது போன் மட்டும்தான்.

வீணைக்காரர்கள் வீட்டில் வருடத்தில் ஒரு நாள் வேண்டுமென்றே விடுவோம். சரஸ்வதி பூஜை அன்று வீணைக்குச் சந்தனம், குங்குமம் இட்டு, பூ வைத்து, பூஜையில் வைத்துவிடுவோம். அன்று யாரும் தொடமாட்டார்கள். சின்ன வயதில் எனக்கு அது பெரிய அவஸ்தையாக இருக்கும், சும்மா போய்ப் போய்ப் பார்த்துக்கொண்டே இருப்பேன். மறுநாள் விஜயதசமி. எவ்வளவு பெரிய வித்வானாக இருந்தாலும் எங்கள் வீட்டில் அன்று சரளி வரிசையிலிருந்துதான் தொடங்குவார்கள். வருடத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த சாதகம் அந்தக் காலை நேரத்து சரளி வரிசைதான்.

உங்கள் ஐந்து வாரத்தை அப்படி வைத்துக்கொள்ளுங்கள். வீணையைத் துடைத்து, சுருதி சேர்த்து, முதல் சரளி வரிசையை ஒரு தடவை வாசியுங்கள். செயலியை எடுத்துவிடுங்கள்.

கேள்வி (திருநெல்வேலி, 24 வயது): விரல் நுனி வலிக்கிறது. கோடு கோடாகப் பதிந்திருக்கிறது.

பதில்: இடது கை விரல்தானே? ஆரம்பத்தில் எல்லோருக்கும் வரும். ஒரே மூச்சாக ஒரு மணி நேரம் வேண்டாம், இருபது இருபது நிமிடமாகப் பிரியுங்கள். பஞ்சில் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் நனைத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவ்வப்போது விரலில் தொட்டுக்கொள்ளுங்கள். சில வாரத்தில் தோல் பழகிவிடும். மணிக்கட்டோ தோளோ வலித்தால் அது வேறு விஷயம். உடனே நிறுத்தி, உட்காரும் விதத்தை ஆசிரியரிடம் காட்டுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர், 45 வயது): ‘கடமையைச் செய், பலனை எதிர்பாராதே’ என்பதைத்தானே நீங்களும் சொல்கிறீர்கள்? இலக்கே இல்லாமல் வாசித்தால் சோம்பல்தானே வரும்? எனக்கு நவராத்திரிக்குள் ஒரு கீர்த்தனை வாசிக்க வேண்டும். அது தப்பா?

பதில்: தப்பே இல்லை, நல்ல ஆசை. கீதையின் 2-ஆம் அத்தியாயம், 47-ஆம் சுலோகத்தைச் சொல்கிறீர்கள். அதன் கடைசிப் பாதத்தை நாம் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். செயலின்மையிலும் பற்று வைக்காதே என்பது அது. சோம்பலுக்கு அங்கேயே இடமில்லை.

இலக்கை வைத்துப் பாடத்தைத் திட்டமிடுங்கள். எந்த வாரம் பல்லவி, எந்த வாரம் அனுபல்லவி என்று காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். வீணை மடியில் ஏறிய பிறகு காலண்டரைப் பார்க்காதீர்கள், அவ்வளவுதான் நான் சொல்வது. நவராத்திரியை நினைத்துக்கொண்டு வாசித்தால், கஷ்டமான சங்கதி (ஒரே வரியை மாற்றி மாற்றி வாசிக்கும் இடம்) வரும்போது கை தானாக அவசரப்படும். பிழை அங்கேயே ஊறிப்போய்விடும், அப்புறம் அதை எடுப்பதற்கு இரண்டு மாதம் ஆகும். பல்லவி மட்டும்தான் தயாரானது என்றால் கொலுவில் பல்லவி மட்டும் வாசியுங்கள். சுண்டல் வாங்க வந்தவர்கள் யாரும் சரணம் எங்கே என்று கேட்கப்போவதில்லை.

கேள்வி (கும்பகோணம், 67 வயது, ஓய்வு பெற்ற ஆசிரியர்): மூன்று கீதம் தெரியும். இந்த வயதில் நான் மேடை ஏறப்போவதில்லை. பிள்ளைகள் வெளியூரில். யாருக்காக வாசிக்கிறோம் என்று சில சாயங்காலம் தோன்றுகிறது.

பதில்: சார், 1938-இல் மறைந்த வீணை தனம்மாளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சென்னையில் தன் வீட்டில் வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் வாசிப்பார். பெரிய மண்டபம் இல்லை, மிருதங்கம் இல்லை. மெல்லிய ஒலி, அதைக் கேட்கவே பெரிய பெரிய சங்கீதக்காரர்கள் வந்து அமைதியாக உட்கார்ந்திருப்பார்கள். வீணை அடிப்படையில் ஒரு அறைக்கான வாத்தியம் என்றுதான் நான் நினைக்கிறேன். ஒலிபெருக்கி வருவதற்கு முன் அதைப் பக்கத்தில் உட்கார்ந்துதான் நன்றாகக் கேட்க முடியும். உங்கள் கூடத்துக்கு அது போதும்.

வீட்டில் யாராவது இருக்கிறார்கள் அல்லவா? வரும் வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு அவர்களை எதிரில் உட்காரச் சொல்லி, ‘வரவீணா’ கீதத்தை வாசியுங்கள். மூன்றில் அதுவும் ஒன்றாக இருக்கும் என்று நம்புகிறேன். இல்லையென்றால் தெரிந்ததை வாசியுங்கள். நடுவில் தவறினால் நிறுத்திவிட்டு, அந்த வரியை மறுபடி எடுங்கள். அது மோகனம், நாலாவது மெட்டு அடிக்கடி வரும். இது மே மாதம், உட்காருவதற்கு முன் அந்த மெட்டை ஒரு தடவை மீட்டிப் பார்த்துவிடுங்கள்.