அந்த அம்மா சொன்னதைக் கேட்டீர்களா?

கேள்வி: பொது மருத்துவ வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் அட்மிட் ஆனாலே பயமாக இருக்கிறது. போன வாரம் லித்தியம் சாப்பிடும் பெண் ஒருவர் காய்ச்சலோடு வந்தார். கை நடுங்குது, வாந்தி வருது என்று சாயங்காலம் முழுக்கத் தொல்லை. அவருடைய அம்மா வேறு, "இவ எப்பவும் இப்படி இருக்க மாட்டா சிஸ்டர்" என்று வந்து வந்து நின்றார். வெளியே உட்காரச் சொல்லிவிட்டோம். வேறு வார்டுக்கு மாற்றல் கேட்கலாமா? (பெயர், ஊர் வேண்டாம்)

பதில்: மாற்றல் இருக்கட்டும். அந்த அம்மாவை ஏன் வெளியே அனுப்பினீர்கள்?

மகள் வழக்கமாக எப்படி இருப்பாள் என்பது அன்று அந்த வார்டில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அவர் சொன்னது புலம்பல் இல்லை, நோயின் விவரம். காய்ச்சலில் உடம்பு வறண்டால் லித்தியம் சரியாக வெளியேறாமல் ரத்தத்தில் ஏறும். டைக்ளோஃபினாக் மாதிரி வலி மருந்து கொடுத்தால் இன்னும் ஏறும். வாந்தியும் கை நடுக்கமும் அதற்கு அடையாளம். அப்புறம் பேச்சு குழறும், நடை தள்ளாடும், வலிப்பு வரும், உயிரே போகலாம். டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டீர்களா? ரத்தத்தில் லித்தியம் அளவு பார்த்தார்களா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

சர்க்கரை நோயாளிக்கு வியர்த்துக் கொட்டினால் குளுக்கோமீட்டரோடு ஓடுவீர்கள். இவருக்கு ஓடவில்லை. மனநோய் என்று கேஸ் ஷீட்டில் பார்த்ததும் அவர் சொல்வதெல்லாம் உங்கள் காதில் தொல்லையாகிவிட்டது. பயம் என்கிறீர்கள். அவர் யாரையாவது அடித்தாரா, திட்டினாரா? வாந்தி எடுத்தார், அவ்வளவுதானே!

மனநோய் உள்ளவருக்கும் மற்ற நோயாளிகளுக்குச் சமமாகச் சிகிச்சை தர வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது. எனக்குச் சட்டத்தைவிடப் பெரிது அந்தத் தாய். இந்த நோய் வந்த வீட்டில் சொந்தபந்தம் மெல்ல நழுவிவிடும். நேரம் தவறாமல் மாத்திரை கொடுத்துக் கூடவே கிடப்பது பெரும்பாலும் பெற்றவள்தான். அவர் பேச்சைக் காது கொடுத்துக் கேட்பது உங்கள் வேலை. வேலையில்லை என்றாலும் கேட்டிருக்க வேண்டும்.

மாற்றல் கேட்காதீர்கள். பிரசவ வார்டுக்குப் போனாலும், சர்ஜரிக்குப் போனாலும் இவர்கள் வரத்தான் செய்வார்கள். உங்கள் மனநலப் பிரிவு டாக்டரிடம் கேட்டு, எந்த மாத்திரைக்கு எதைக் கவனிக்க வேண்டும் என்று எழுதி நர்ஸிங் ஸ்டேஷனில் ஒட்டுங்கள். அட்மிஷன்போதே கூட வந்தவரிடம், "வழக்கத்தைவிட இன்று என்ன மாற்றம்?" என்று கேளுங்கள்.

அதற்கு முன்னால், அந்தப் பெண் இப்போது எப்படி இருக்கிறார் என்று இன்றைக்கே விசாரியுங்கள்.