உட்கார்ந்திருப்பவர் எழுந்தாலே பாய்ந்து குரைக்கும் காப்பக நாயை எப்படி மாற்றுவது?

கேள்வியின் சுருக்கம்: காப்பகத்திலிருந்து வந்து ஒரு மாதமான, 2 வயது நாய். நாம் உட்கார்ந்திருக்கும்வரை காலடியிலேயே கிடக்கிறது. நாற்காலியை விட்டு எழுந்ததும் குரைத்துக்கொண்டு காலை நோக்கிப் பாய்கிறது.

இது திமிரோ, வீட்டில் யார் பெரியவர் என்ற போட்டியோ இல்லை. பெரும்பாலும் பயம்தான். அசையாமல் இருந்த உருவம் ஒரே நொடியில் உயர்ந்து நகர்கிறது. பிறந்து 3 முதல் 14 வாரத்துக்குள் மனித நடமாட்டத்தோடு பழகாத நாயை இது திடுக்கிட வைக்கும். அது குரைத்ததும் எழுந்தவர் அப்படியே நின்றுவிடுகிறார், இல்லையென்றால் மறுபடி உட்கார்ந்துவிடுகிறார். குரைத்தால் ஆபத்து விலகும் என்று நாய் கற்றுக்கொள்வது இப்படித்தான்.

பயிற்சிக்கு முன் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். இடுப்பு மூட்டு, முதுகு, காது, பார்வை எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். வலியோடு படுத்திருக்கும் நாய், மிதிபடுவோமோ என்று முந்திக்கொண்டு பாயும். வலி தீராமல் எந்தப் பயிற்சியும் ஏறாது.

அடுத்து, பாய்கிற வாய்ப்பையே குறையுங்கள். ஒவ்வொரு பாய்ச்சலும் அதற்கு ஓர் ஒத்திகை. விருந்தாளி வந்தால் நாய் தடுப்புக் கதவுக்கு அப்பால் இருக்கட்டும். படுக்கையை நாற்காலியிலிருந்து குறைந்தது 2 மீட்டர் தள்ளி, நீங்கள் நடக்கும் வழியில் இல்லாமல் போடுங்கள்.

இனி பயிற்சி. உப்பு, வெங்காயம், பூண்டு சேர்க்காமல் வேகவைத்த எலும்பில்லாத கோழியைப் பட்டாணி அளவில் நறுக்கி, ஒரு தடவைக்கு 30 துண்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்த அளவுக்கு அன்றைய சாப்பாட்டைக் குறைத்துவிடுங்கள். எழுவது நமக்கு ஒரே அசைவு, நாய்க்கு அப்படியில்லை. முன்னால் சாய்வது, கைப்பிடியில் கை ஊன்றுவது, இருக்கையிலிருந்து 5 சென்டிமீட்டர் எழும்புவது, பாதி எழுவது, முழுதாக நிற்பது, ஓரடி வைப்பது என்று அதைப் படிகளாகப் பிரியுங்கள். முதல் நாள் முன்னால் சாய்வது மட்டும் போதும். சாய்ந்த ஒரு நொடி கழித்து, ஒரு துண்டை நாய்க்குப் பின்பக்கமாகத் தரையில் போடுங்கள். அப்போது அது உங்களை விட்டு விலகிப் போய் எடுக்கும், பதற்றமும் தணியும். பிறகு நிமிர்ந்து உட்காருங்கள். ஒரு தடவைக்கு 3 நிமிடம், நாளைக்கு இரண்டு தடவை.

அடுத்த படிக்கு எப்போது போகலாம்? நீங்கள் சாய்ந்ததும் நாய் உங்கள் முகத்தை விட்டுவிட்டு, துண்டு விழும் இடத்தைத் திரும்பிப் பார்க்கும். அந்தத் திரும்பல் தொடர்ந்து ஐந்து முறை வந்தால் போகலாம்.

பலரும் தவறுவது வரிசையில். கை முதலில் கோழியை எடுத்து, அப்புறம் உடம்பு எழுந்தால், 'கோழி வந்தால் பயமுறுத்தப் போகிறார்கள்' என்று நாய் புரிந்துகொள்ளும். சில நாட்களில் கோழியைக் கண்டாலே ஒதுங்கும். அசைவு முதலில், உணவு பிறகு. இதை மாற்றாதீர்கள்.

குரைப்பதற்கு முன்பே உடம்பு சொல்லிவிடும். திறந்திருந்த வாய் சட்டென்று மூடும், உதட்டை நக்கும், கண்ணின் வெள்ளை தெரியும், பாரம் பின்னங்காலுக்குப் போகும். வாய் மூடியதைப் பார்த்தாலே அசைவை நிறுத்தி இரண்டு படி கீழே இறங்குங்கள். மீறிக் குரைத்துவிட்டால் அதட்ட வேண்டாம், அன்றைக்குப் பயிற்சியை அதோடு விட்டுவிடுங்கள். உறுமினதற்கு அடித்தால் பயம் போகாது, எச்சரிக்கைதான் போகும். பிறகு அது உறுமாமலே கடிக்கும். கழுத்தில் கட்டும் மின்அதிர்ச்சிப் பட்டை வேண்டவே வேண்டாம்.

ஒருவரிடம் சரியானது இன்னொருவரிடம் தானாக வராது. வீட்டில் ஒவ்வொருவரும், ஒவ்வொரு நாற்காலியிலும் முதல் படியிலிருந்து செய்ய வேண்டும். ஆனால் இரண்டாமவருக்குப் பெரும்பாலும் குறைவான நாட்களே ஆகும். வேகமாக எழுவதைக் கடைசியில் சேருங்கள்.

பல் ஏற்கனவே பட்டிருந்தால், மூச்சிரைக்கவும் தின்னவும் இடம்விடும் கூடை வடிவ வாய்ப்பூட்டைப் பழக்கிவிட்டு, நாய் நடத்தை தெரிந்த மருத்துவரோடு சேர்ந்து செய்யுங்கள். அவர் பதற்றத்தைத் தணிக்கும் ஃப்ளூக்ஸெடின் போன்ற மருந்து எழுதினால் பலன் தெரிய 4 முதல் 6 வாரம் ஆகலாம். இரண்டாம் வாரத்திலேயே பலனில்லை என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.